வலது பக்கம் திரும்பிய உணர்வு, இடது பக்கம் பட்ட தீக்காயம்: ஒரு மார்பகப் புனரமைப்பின் 24 மாதங்கள்

பின்னணி

இந்த நோயாளிக்கு அப்போது வயது 44. ஆறு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டிருந்தது. அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். பேக்ளிடாக்செல் அடங்கிய கீமோதெரபி முடிந்தபின், மார்புச் சுவருக்கு 25 தவணைகளில் 50 கிரே கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. நோய் திரும்பவில்லை. பிறகு செய்த மரபணுப் பரிசோதனையில், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 திரிபு இருப்பது தெரிந்தது. வலது மார்பகத்தை முன்னெச்சரிக்கையாக அகற்றிவிடுவது என்றும், இரு பக்கமும் தன் உடல் திசுவைக் கொண்டே புனரமைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்து எங்களிடம் வந்தார்.

முதல் சந்திப்பில் அவர் கேட்ட கேள்வி வடிவத்தைப் பற்றியதாகவோ தழும்பைப் பற்றியதாகவோ இல்லை. "டாக்டர், இந்தப் பக்கம் ஆறு வருஷமா மரக்கட்டை மாதிரி இருக்கு. புதுசா வைக்கிறதும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நோயாளிகள் பலர் மனதில் வைத்திருந்தும் கேட்பதில்லை. உயிர் பிழைத்ததே போதும் என்றிருக்கும்போது உணர்வைக் கேட்பது பேராசையாகிவிடுமோ என்ற தயக்கம் அவர்களுக்கு. கேட்காததால் நாங்களும் சொல்லாமல் விட்ட காலம் உண்டு.

அவருடைய ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன். நரம்பு இணைப்பைச் செய்தது நான். இடது பக்கம் அதைச் செய்யாமல் விட்ட முடிவிலும் எனக்குப் பங்கு உண்டு.

அறுவைக்கு முன் அளந்தவை

திசுவை இடம் மாற்றியபின் உணர்வு எவ்வளவு திரும்பியது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அளக்க நாங்கள் பயன்படுத்துவது செம்ஸ்-வெய்ன்ஸ்டைன் மோனோஃபிலமென்ட் தொகுப்பு. கைப்பிடியில் பொருத்திய நைலான் இழைகள்தான் இவை. ஒவ்வொரு இழையும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் எந்த இழையின் தொடுதலைச் சொல்கிறாரோ, அதுவே அந்த இடத்தின் அளவு. எண் கூடக் கூட இழை தடிக்கும், உணர்வு குறைவு என்று பொருள். 2.83 என்ற மெல்லிய இழையை நல்ல விரல் நுனி உணரும். 4.31 வளைய 2 கிராம் அழுத்தம் வேண்டும், 4.56-க்கு 4 கிராம், 5.07-க்கு 10 கிராம். 6.65-க்கு 300 கிராம். அதை மட்டும் உணர்பவருக்கு ஆழ்ந்த அழுத்தம் தவிர வேறெதுவும் அந்தத் தோலில் இல்லை என்று பொருள்.

வலது மார்பகத்தில் பெரும்பாலான இடங்களில் 3.61 கிடைத்தது. இடது மார்புச் சுவரில் தழும்புக்கு மேலே 4.56, தழும்பின் நடுவில் 6.65. திசு எடுக்கவிருந்த அடிவயிற்றில் இரு பக்கமும் 3.61. பேக்ளிடாக்செல் நரம்புகளைத் தாக்கக்கூடிய மருந்து என்பதால் பாதங்களையும் பார்த்தோம். விரல் நுனிகளில் லேசான மரத்துப்போதல் இருந்தது, அதற்கு மேல் இல்லை. வெந்நீரும் குளிர்நீரும் நிரப்பிய சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றி வைத்தபோது வயிற்றில் தவறில்லாமல் சொன்னார். இடது மார்பில் பத்து முறையில் நான்கு முறை தவறாகச் சொன்னார். ஆறு ஆண்டுகளாக அந்த இடத்தில் சூடு தெரியாமல் இருந்திருக்கிறது என்பதை அன்றுதான் அவரே அறிந்தார். இந்தக் கடைசிக் குறிப்பை நோயாளிக் கோப்பில் எழுதினேன். அதன் பொருளை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பின்னால் விளங்கியது.

திட்டமும் அதன் காரணங்களும்

அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும், அவற்றுக்கு ரத்தம் தரும் மெல்லிய துளைநாளங்களோடு எடுத்து, வயிற்றுத் தசையை அங்கேயே விட்டுவிடும் முறையைத் தேர்ந்தோம். அறுவை அரங்கில் இதை டீப் ஃபிளாப் என்போம். 1989-இல் கோஷிமாவும் சோயேடாவும், நாளங்களோடு எடுக்கும் இவ்வகைத் திசுத் துண்டை, அதாவது திசுமடலை, விவரித்தார்கள். 1994-இல் ஆலனும் ட்ரீஸும் அதை மார்பகப் புனரமைப்புக்குக் கொண்டுவந்தார்கள். அடிவயிற்றை நடுவில் பிரித்தால் இரு மடல்கள் கிடைக்கும், பக்கத்துக்கு ஒன்று. நெஞ்செலும்பின் ஓரமாக ஓடும் உள்மார்புத் தமனியும் சிரையும் மடலின் நாளங்களை ஏற்கும்.

வழக்கமாக இத்தோடு திட்டம் முடிந்துவிடும். தமனியும் சிரையும் சேர்ந்தால் மடல் உயிரோடு இருக்கும், ஆனால் நரம்பு அறுந்தபடியே கிடக்கும். சுற்றியுள்ள தோலிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் நரம்பிழைகள் தாமாக ஊர்ந்து வருவதுண்டு. ஆனால் அது திட்டுத் திட்டாக வரும், ஆண்டுக்கணக்கில் ஆகும், கதிர்வீச்சு பட்ட இடத்தில் இன்னும் குறைவாகவே வரும்.

வயிற்றுத் தோலுக்கு உணர்வு தருவது 10 முதல் 12 வரையிலான முதுகுத்தண்டு மார்பு நரம்புகள். வயிற்றுத் தசையடுக்குகளின் இடையே வந்து, தசையுறைக்குள் நுழைந்து, ஒரு கிளையைத் தசைக்கும் ஒரு கிளையைத் துளைநாளத்தோடு சேர்த்துத் தோலுக்கும் அனுப்புகின்றன. தோலுக்குப் போகும் கிளையை மட்டும் பிரித்தெடுத்தால் தசை பழுதாகாது. மார்பில், மூன்றாம் விலா இடைநரம்பின் முன்தோல் கிளை நெஞ்செலும்பின் ஓரத்தில் வெளியே வருகிறது. நாளங்களைத் திறக்கும் அதே இடைவெளியில் அது கிடப்பதால் இன்னொரு கீறல் தேவையில்லை. இந்த இரண்டையும் இணைப்பதுதான் திட்டம்.

"அப்போ மார்பைத் தொட்டா வயித்தைத் தொடற மாதிரி இருக்குமா?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. இருக்காது. வெட்டுண்ட வயிற்று நரம்பினுள் இருந்த பழைய இழைகள் சில வாரங்களில் சிதைந்து கரைந்துவிடும். வெற்றுக் குழாய்களும் அவற்றைப் பேணும் ஷ்வான் உயிரணுக்களும் மட்டும் மிஞ்சும். அந்தக் குழாய்களுக்குள் வளர்ந்து வருபவை மார்பு நரம்பின் இழைகள். மூளையில் அவை போய்ச் சேரும் இடம் மார்புக்கு உரிய இடம். ஆகவே தொடுதல் மார்பில்தான் தெரியும். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்த விளக்கத்தை யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை.

எதிர்பார்ப்பையும் அளவாகவே சொன்னோம். பழைய மார்பகத்தின் நுண்ணுணர்வும் பாலியல் உணர்வும் அப்படியே திரும்பும் என்று யாராலும் உறுதி தர முடியாது. எங்கள் முதல் இலக்கு காப்புணர்வு. சூடு, குத்தல், அழுத்தம் ஆகியவற்றைத் தோல் தானே அறிந்து எச்சரிக்கும் நிலையை அப்படிச் சொல்கிறோம்.

வலது மார்பகத்தில் முலைக்காம்பைத் தக்கவைப்பதைப் பற்றியும் பேசினோம். மார்பகம் தாழ்ந்திருந்ததால் காம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் அபாயம் கூடுதலாக இருந்தது. அவர் அதை வேண்டாம் என்றார். எனவே வலது பக்கம் தோலுறை பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும், நடுவில் வட்டமாக மடலின் தோல் மட்டும் தெரியும். இடது பக்கம் மார்பின் கீழ்ப்பாதி முழுவதும் மடலின் தோலாகவே அமையும்.

அறுவை நாள்

வலது பக்கம் ஏறக்குறைய நினைத்தபடியே நடந்தது. ரத்த நாளங்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில் குறித்திருந்த வெளிவரிசைத் துளைநாளத்தைத் தொடர்ந்து போனபோது, அதை ஒட்டியே 11-ஆம் நரம்பின் தோல் கிளை கிடைத்தது. தசைக்குப் போகும் கிளையை விலக்கி, சுமார் 5 செ.மீ. நீளம் வரும்வரை பின்னோக்கிப் பிரித்து, நுனியில் ஒரு தையல் அடையாளம் வைத்து வெட்டினேன். இந்த நீளம் முக்கியம். இரு முனைகளும் இழுபடாமல் தளர்வாகச் சந்திக்க வேண்டும். இழுத்துக் கட்டிய நரம்பில் ரத்த ஓட்டம் குறைந்து, இணைப்பில் வடு திரண்டு, வளரும் இழைகளுக்கு வழி அடைபடும். 1970-களின் தொடக்கத்தில் வியன்னாவின் ஹான்னோ மில்லேசி இழுவிசை இல்லாத இணைப்பை வலியுறுத்தி எழுதியதிலிருந்து, கை நரம்பானாலும் மார்பு நரம்பானாலும் இதுவே முதல் விதி.

மார்பகம் அகற்றப்பட்டபின், மூன்றாம் விலா இடைவெளியில் முன்தோல் கிளை பளிச்சென்று தெரிந்தது. ஒன்றரை மி.மீ. தடிமன். வெட்டுமுனையில் இழைக்கற்றைகள் காளான் தலைபோலப் புடைத்து வந்தன, நரம்பு நலமாக இருப்பதற்கு அது அடையாளம். முதலில் தமனி, சிரை. மடல் இளஞ்சிவப்பானபின் நரம்பு. மைக்ரோஸ்கோப்பின் கீழ் வெளியுறையில் மட்டும் 9-0 என்ற மிக மெல்லிய நைலான் இழையால் மூன்று தையல்கள், மேலே ஃபைப்ரின் பசை. உள்ளிருக்கும் கற்றைகளை ஊசி தொடவில்லை. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 நிமிடம்.

இடது பக்கம் வேறு கதை. கதிர்வீச்சில் திசு இறுகிக் கிடந்தது. நாளங்களை அடைய மூன்றாம் விலாவின் குருத்தெலும்பில் ஒரு துண்டை எடுக்க வேண்டியிருந்தது. சிரையின் சுவர் ஈரக் காகிதம்போலக் கிழிந்தது. முதல் சிரை இணைப்பு சரியாக அமையாமல் அவிழ்த்து மீண்டும் செய்தோம். அதன் பிறகே நரம்பைத் தேடினேன். வடுவுக்குள் புதைந்த நிலையில் ஒரு முனை கிடைத்தது. வெட்டிப் பார்த்தால் புடைப்பு இல்லை, சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது. 5 மி.மீ. பின்வாங்கி மறுபடி வெட்டினேன், அதே நிலைதான். இன்னொரு முறையும் வெட்டினேன், மாற்றமில்லை.

அப்போது அறுவை தொடங்கி ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் முன் இருந்த வழிகள் மூன்று. விலாவின் அடியில் இன்னும் பின்னோக்கிப் போய் நலமான நரம்பைத் தேடலாம், ஆனால் புதிதாகச் செய்த சிரை இணைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டாம் விலா இடைவெளியைத் திறந்து அங்குள்ள கிளையைப் பார்க்கலாம், அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். அல்லது நிறுத்தலாம். இடைவெளியை நிரப்பும் குழாயோ நரம்பு ஒட்டோ இங்கே உதவாது. மேல்முனை நலமாக இருந்தால்தானே அவற்றின் வழியே வளர ஏதாவது இருக்கும். மயக்க மருத்துவரோடும் தலைமை அறுவை நிபுணரோடும் பேசி நிறுத்தினோம். மடல் பிழைப்பதுதான் முதன்மை என்பது காரணம். அந்த நேரத்தில், அந்தச் சிரையோடு, அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த நிலைக்கு வந்து சேர்ந்த விதம்தான் சரியில்லை. நரம்பைக் கடைசியில் தேடியதால், தேடுவதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

முதல் மூன்று மாதம்

மடல்கள் இரண்டும் பிழைத்தன. முதல் நாள் மணிக்கொரு முறை நிறம், வெப்பம், டாப்ளர் ஒலி பார்த்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். வயிற்றுத் தையலின் ஒரு ஓரத்தில் காயம் ஆற இரண்டு வாரம் கூடுதலாக எடுத்தது, அவ்வளவுதான்.

இடது பக்கம் நரம்பு இணைக்க முடியவில்லை என்பதை மறுநாளே அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு பக்கமாவது முயற்சி பண்ணீங்களே" என்றார்.

மூன்றாம் மாதம் அளந்தபோது இரு மடல்களின் நடுவிலும் 6.65 இழைகூடத் தெரியவில்லை. இது எதிர்பார்த்ததே. வெட்டுண்ட நரம்பு ஏறக்குறைய ஒரு மாதம் தன்னைச் சீர்செய்துகொண்டு, பிறகு நாளுக்கு 1 மி.மீ. அளவில் வளரும். இணைப்பிலிருந்து மடலின் தோலுக்கு 5 செ.மீ. நரம்பு, பிறகு கொழுப்பினூடே இன்னும் ஏழெட்டு செ.மீ. ஐந்து மாதத்துக்கு முன் எதையும் எதிர்பார்க்க முடியாது.

நான்காம் மாதத்து மின்னல்

நான்காம் மாத முடிவில், முன்பதிவு இல்லாமல், காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு இரவு தூங்கவில்லை. வலது மார்பில் திடீர் திடீரென்று மின்சாரம் பாய்வதுபோல் வெட்டுகிறது, ஆடை உரசினாலே கூசுகிறது. புற்றுநோய் வந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்.

பரிசோதனையில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அல்ட்ராசவுண்டிலும் சந்தேகத்துக்குரியது இல்லை. நரம்பு இணைப்பிலிருந்து மடலின் நடுவை நோக்கி விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் "அதான், அதேதான்!" என்றார். வளரும் நரம்பு நுனியைத் தட்டினால் மின் கூச்சம் ஓடும். 1915-இல் பிரெஞ்சு மருத்துவர் ழூல் டினெல் விவரித்த அறிகுறி இது. அந்த இடம் இணைப்பிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருந்தது. கணக்கு ஏறக்குறையப் பொருந்தியது. அவர் வலி என்று அஞ்சி வந்தது, நாங்கள் காத்திருந்த செய்தி.

அவருக்கு அது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ஒப்புதல் பேச்சில் "சிறிது கூச்சம் வரலாம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தோம். புற்றுநோயைக் கடந்து வந்த ஒருவருக்கு மார்பில் வரும் புது வலி என்னவாகத் தோன்றும் என்று எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு வரியோடு நின்றிருக்க மாட்டோம். அந்த இரண்டு இரவுகளுக்கு நாங்கள் பொறுப்பு.

அன்றே உணர்வுப் பயிற்சி தொடங்கியது. முதலில் கூச்சத்தைத் தணிக்க மென்துணியால் தடவுவது. பிறகு நாளுக்கு இருமுறை, பத்துப் பத்து நிமிடம், பஞ்சு, துணி, தூரிகை என வெவ்வேறு பரப்புகளால் கண்ணால் பார்த்தபடி தொடுவது, பிறகு கண்ணை மூடித் தொடுவது. புதிதாக வரும் சைகைகள் குழம்பியவை. எது எங்கிருந்து வருகிறது என்று மூளை மறுபடி கற்க வேண்டும்.

ஆறாம் மாதம் வலது மடலின் மேல் உட்பகுதியில் 6.65 தெரிந்தது. குளிர்ச்சியையும் சரியாகச் சொன்னார். வலியும் வெப்பமும் முதலில், நகரும் தொடுதல் அடுத்து, நிலையான தொடுதல் பிறகு என்பது மீண்டுவரும் நரம்பின் வழக்கமான வரிசை. வலது பக்கம் அந்த வரிசையிலேயே போனது. இடது மடலில் ஒன்றும் இல்லை.

தீக்காயம்

ஏழாம் மாதம். இடது தோள் இறுக்கத்துக்கு இரவில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு படுத்தார். உறக்கத்தில் பை நழுவி இடது மார்பின் மேல் வந்து நின்றது. காலையில் கண்ணாடி முன் நின்றபோதுதான் பார்த்தார். 4 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் கொப்புளம், நடுவில் வெளுத்த தோல். வலி துளியும் இல்லை.

தண்ணீர் கொதிநிலையில் இல்லை, கையால் தொட்டுப் பார்த்து, பொறுக்கும் சூட்டில்தான் நிரப்பினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். தோல் வெந்துபோவதற்கு, வெப்பத்தோடு நேரமும் சேர்ந்து கணக்கு. 1947-இல் மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் அளந்து காட்டியபடி, 60 டிகிரி செல்சியஸில் சில நொடி போதும், 44 டிகிரியிலும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒட்டியிருந்தால் தோல் வெந்துவிடும். நலமான தோலில் ஏறக்குறைய அந்த வெப்பத்திலேயே வலி தொடங்குகிறது. உறங்குபவரும் புரண்டு விலகிவிடுவார். நரம்பில்லாத மடலில் அந்த எச்சரிக்கை கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. சூடு பட்ட இடத்தில் நாளங்கள் விரிந்து, ரத்தம் பாய்ந்து, வெப்பத்தை அள்ளிச் செல்ல வேண்டும். இதைச் செய்விப்பவையும் நரம்புகளே. அவை அறுந்த மடலில், அதுவும் கொழுப்பு மிகுந்த மடலில், வெப்பம் அங்கேயே தேங்கும். கைக்குப் பொறுக்கும் சூடு மடலுக்குப் பொறுக்காது.

காயம் ஆழமான பகுதித் தடிமன் வகை, அதாவது தோலின் உள்ளடுக்குவரை போயிருந்தது, முழுத் தடிமனையும் தாண்டவில்லை. கொப்புளத் தோலை நீக்கி, இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டு மாற்றினோம். தோல் ஒட்டு தேவைப்படவில்லை. ஆற ஆறு வாரம் ஆயிற்று. வெளிறிய தழும்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். உள்ளாடை, கனம் தூக்குதல், தையல் பராமரிப்பு, மருந்து எல்லாம் இருந்தன. வெப்பத்தைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி. அறுவைக்கு முன்பே இடது மார்பில் அவருக்குச் சூடு சரியாகத் தெரியவில்லை என்று எழுதியவன் நான். அந்தக் குறிப்பு எச்சரிக்கையாக மாறவே இல்லை. வலது பக்கம் உணர்வு வருகிறதா என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்ததில், உணர்வு வராது என்று எங்களுக்குத் தெரிந்த பக்கத்தைப் பாதுகாக்கத் தவறினோம்.

மறு இணைப்பைப் பற்றிய பேச்சு

ஒன்பதாம் மாதம், காயம் ஆறியபின், இடது பக்கம் இன்னொரு முறை திறந்து இரண்டாம் விலா இடைநரம்போடு இணைக்கலாமா என்று அவரே கேட்டார். செய்ய முடியாததில்லை. ஆனால் மடலின் ஒரே தமனியும், இருமுறை தைக்கப்பட்ட அந்தச் சிரையும், கதிர்வீச்சு வடுவினூடே அதே வழியில்தான் போகின்றன. அவற்றில் கத்தி பட்டால் மார்பகம் முழுவதும் போய்விடும். மடலுக்குள் இருக்கும் நரம்பு முனையும் காலம் போகப் போகத் தன் வழிகாட்டும் திறனை இழந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் நிச்சயமில்லாத லாபம், மறுபக்கம் முழு இழப்புக்கான வாய்ப்பு. இரண்டையும் படம் வரைந்து காட்டினேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். நானும் அதையே பரிந்துரைத்திருந்தேன்.

அளவுகள், 12 முதல் 24 மாதம் வரை

12-ஆம் மாதம் வலது மடலின் உட்பாதியில் 4.56, வெளிப்பாதியில் 5.07. சூடும் குளிரும் பத்தில் ஒன்பது முறை சரி. இடது மடலில் மேல் விளிம்பில் மட்டும் 6.65.

18-ஆம் மாதம் வலது உட்பாதி 4.31, மற்ற இடங்கள் 4.56. குழந்தை மார்பில் சாய்ந்தால் முன்பு பாரம் மட்டும் தெரிந்தது, இப்போது தலைமுடி உரசுவது தெரிகிறது என்றார். எந்த இழையாலும் இதை நான் அளந்திருக்க முடியாது.

24-ஆம் மாதம் வலது மடல் முழுவதும் 4.31. இடது மடலின் மேல் உள்விளிம்பில் 5.07, நடுவில் 6.65, கீழ் வெளிப்பகுதியில் ஒன்றுமில்லை. தீக்காயத் தழும்பும் அந்தக் கீழ்ப்பகுதியை ஒட்டியே இருக்கிறது. இடது பக்கம் வந்த சிறிதளவு உணர்வு விளிம்பிலிருந்து தானாக ஊர்ந்து வந்தது என்றே கொள்கிறேன்.

ஒரே உடலில், ஒரே நாளில், ஒரே கைகளால் செய்த இரு பக்கங்கள் என்பதால் இதை நேரடி ஒப்பீடாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. இடது பக்கம் கதிர்வீச்சு பட்டது, மடலின் தோல் பரப்பு பல மடங்கு பெரியது, ஆறு ஆண்டு பழைய வடுவின் மேல் அமைந்தது. வலது பக்கத்துச் சிறு வட்டத்தைச் சுற்றிலும் அவருடைய சொந்தத் தோல் இருந்ததால், அங்கிருந்தும் இழைகள் வந்திருக்கலாம். ஆனாலும் நான்காம் மாதம் இணைப்பிலிருந்து மடலின் நடுவை நோக்கி நகர்ந்த டினெல் அறிகுறியும், உணர்வு முதலில் உட்பாதியில் தோன்றி வெளியே பரவிய வரிசையும், தைத்த நரம்பின் வழியே இழைகள் வந்தன என்பதற்கு எனக்குப் போதிய சான்று.

வயிற்றில் நரம்பெடுத்ததால் கூடுதல் இழப்பு தென்படவில்லை. தழும்புக்கு மேல் ஒரு கையகலம் மரத்திருக்கிறது, ஆனால் அது நரம்பை எடுக்காமல் செய்யும் அறுவையிலும் வருவதுதான். வயிற்றுச் சுவர் தளரவில்லை, நரம்புக்கட்டி வலியும் இல்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

கதிர்வீச்சு பட்ட பக்கத்தில் இப்போது ஏற்கும் நரம்பைத்தான் முதலில் தேடுகிறோம். மடலை வயிற்றிலிருந்து பிரிப்பதற்கு முன்பே, ஒரு குழு வயிற்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, மற்றொரு குழு மூன்றாம் இடைவெளியைத் திறந்து நரம்பை வெட்டிப் பார்க்கிறது. புடைப்பு இல்லையென்றால் அப்போதே இரண்டாம் இடைவெளிக்குப் போகிறோம். மின்கத்தியை நெஞ்செலும்பின் ஓரத்தில் பயன்படுத்துவதில்லை. நரம்பைப் பார்க்கும் முன்பே சுட்டுவிடுவது அங்கே எளிதில் நடக்கும்.

உணர்வு அளவீடு எல்லோருக்கும் அறுவைக்கு முன் செய்யப்படுகிறது, நரம்பு இணைப்பு கேட்காதவர்களுக்கும். வெப்பச் சோதனையில் ஒரு முறை தவறினாலும் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதுகிறோம்.

நான்காம் மாதத்தை ஒட்டி நாங்களே தொலைபேசியில் அழைக்கிறோம். மின்னல்போல் வெட்டும் வலி வந்தால் அது என்னவாக இருக்கலாம், எப்போது கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்று, வலி வரும் முன்பே சொல்கிறோம். கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் நிறம் மாறினாலோ, வலி ஒரே இடத்தில் நிலைத்து நாளுக்கு நாள் கூடினாலோ காத்திருக்கக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில் உண்டு. உணர்வுப் பயிற்சியை நான்காம் மாதம்வரை தள்ளாமல் ஆறாம் வாரத்திலேயே, தொடுவதைக் கண்ணால் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறோம்.

வெப்ப எச்சரிக்கை இப்போது தனித் தாள். வெந்நீர்ப் பை, மின் ஒத்தடப் பட்டை, முடி உலர்த்தி, மடியில் வைக்கும் கணினி, சூடான பானம், உச்சிவெயில், ஆவி பிடித்தல் என்று ஒவ்வொன்றும் பெயரோடு இருக்கிறது. குளிர் ஒத்தடமும் சேர்த்திருக்கிறோம், உணர்வில்லாத தோலை உறைபனியும் புண்ணாக்கும். நரம்பு இணைத்தவருக்கும் இணைக்காதவருக்கும் ஒரே தாள்தான். வீட்டிலிருப்பவர் ஒருவரும் உடனிருக்கும்போது வாசித்துக் காட்டுகிறோம்.

அந்தத் தாளின் முதல் வரைவை அவரிடம்தான் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பட்டியலைப் படித்துவிட்டு, பேனா கேட்டு வாங்கி, மேலே ஒரு வரி சேர்த்தார்: "கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்." அதை அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.